குரோம்பேட்டையா, கூடுவாஞ்சேரியா? தாம்பரத்துக்கு இப்பாலும் அப்பாலும்

கேள்வி: திண்டுக்கல்லிலிருந்து வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறேன். அலுவலகம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு அருகில். குரோம்பேட்டையில் பார்த்த வீட்டுக்கு வாடகை கையைக் கடிக்கிறது. கூடுவாஞ்சேரியில் அதைவிடப் பெரிய வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. “இரண்டு ஊரிலும் மின்சார ரயில் நிற்கிறது, அரை மணி நேரம்தான் வித்தியாசம்” என்கிறார் வீட்டுத் தரகர். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: அரை மணி நேரம் என்று அவர் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரிதான். குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலும், கூடுவாஞ்சேரியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரமும் ஆகும். ஆனால் அது வண்டியில் ஏறிய பிறகு ஆகும் நேரம். வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே தாம்பரம் இருக்கிறது. சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு பாதை பார்ப்பதற்கு ஒரே பாதையாகத் தெரிந்தாலும், இயக்கத்தைப் பொறுத்தவரை அது தாம்பரத்தில் ஒட்டவைக்கப்பட்ட இரண்டு பாதைகள். அந்த ஒட்டு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் பாதை, தென்னிந்திய ரயில்வே என்ற பழைய நிறுவனத்தின் மீட்டர் கேஜ் பாதை (இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்டது). 1920களில் மாம்பலம் பக்கம் தியாகராய நகர் உருவாகி, நகரம் தெற்கு நோக்கி வளரத் தொடங்கியபோது, வெளியூர் வண்டிகளின் இடுக்கில் நீராவி எஞ்சினைக் கொண்டு உள்ளூர் வண்டிகளை ஓட்டிச் சமாளிக்க முடியாது என்பது தெளிவாயிற்று. எனவே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை புறநகர் வண்டிகளுக்கென்றே இரண்டு தண்டவாளங்களை ஒதுக்கி, அவற்றை மின்மயமாக்கி, 1931 மே மாதம் மின்சார வண்டிகளை விட்டார்கள். பம்பாய்க்கு (1925) அடுத்தபடியாக இந்தியாவில் மின்சாரப் புறநகர் ரயில் ஓடிய நகரம் சென்னைதான். மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது நாட்டிலேயே இங்குதான் முதலில். கல்கத்தாவுக்கு அது 1950களில்தான் வாய்த்தது.

இதில் வேகத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீராவி வண்டி கடைசி நிலையத்துக்கு வந்தால், எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. இன்றும் தாம்பரத்தில் நின்று பார்த்தால் இதைக் காணலாம்: ஓட்டுநர் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் பின்பக்கம் போகிறார், கார்டு எதிர்த்திசையில் வருகிறார், சில நிமிடங்களில் வந்த வண்டியே கடற்கரை வண்டியாகப் புறப்பட்டுவிடுகிறது. நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி விட முடிவது இந்தத் திரும்பும் வசதியாலும் தனித் தண்டவாளத்தாலும்தான். வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் தாம்பரத்திலேயே அமைந்ததால், நாளின் பெரும்பாலான வண்டிகள் அங்கே தொடங்கி அங்கேயே முடியும் வழக்கம் நிலைத்துவிட்டது.

பிறகு எத்தனையோ மாறியது. முதலில் கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் டி.சி. (நேர்திசை) மின்சாரம், 1960களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட் ஏ.சி. முறையில் மின்மயமானபோது, ஒரே பாதையில் இரண்டு வகை மின்சாரம் ஒத்துவராது என்பதால் கடற்கரை–தாம்பரம் பகுதியையும் அதற்கே மாற்றினார்கள். (ஏ.சி. என்றதும் குளிர்ச்சி நினைவுக்கு வர வேண்டாம்; மாறுதிசை மின்னோட்டத்தைச் சொல்கிறேன்.) பாதைக்கு மின்சாரம் தரும் ஒரு துணை மின்நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில் மேலே கம்பியில் மின்சாரம் இல்லாத ஒரு சிறு இடைவெளி உண்டு, வண்டி அதை ஓடிய வேகத்திலேயே கடக்கும். பழைய வண்டிகளில் சில விநாடிகள் மின்விசிறிகள் தளர்ந்து, விளக்குகள் அணைந்து, மோட்டார் இரைச்சல் நின்று, பிறகு எல்லாம் உயிர்பெறுவது இதனால்தான். புதிதாக வருபவர்கள் வண்டி கெட்டுவிட்டதோ என்று திகைப்பார்கள்; பழகியவர்கள் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட மாட்டார்கள். அகலப்பாதை மாற்றம் தண்டவாளம் தண்டவாளமாக நடந்து, 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டி விடைபெற்றது.

இத்தனை மாற்றங்களிலும் மாறாதது 1931இல் போட்ட எல்லைதான். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் வண்டிகளுக்கு இரண்டு தண்டவாளம், விரைவு வண்டிகளுக்கு இரண்டு தண்டவாளம் என்று தனித்தனியே இருக்கின்றன. தாம்பரத்தைத் தாண்டினால் அந்த வசதி இல்லை. அண்மை ஆண்டுகளில் செங்கல்பட்டு வரை மூன்றாவது தண்டவாளம் வந்து நிலைமை முன்பைவிட எளிதாகியிருக்கிறது என்றாலும், தெற்கே போகும், தெற்கேயிருந்து வரும் விரைவு வண்டிகளோடு உங்கள் கூடுவாஞ்சேரி வண்டியும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். காலை வேளையில் தென்மாவட்ட வண்டிகள் வரிசையாக நகரத்துக்குள் நுழையும். அவற்றில் ஒன்று தாமதமானால் அதன் வலி பின்னால் வரும் உள்ளூர் வண்டிக்கும் பரவும். கடற்கரை–தாம்பரம் வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் செங்கல்பட்டு வரை செல்பவை மிகவும் குறைவு என்பதால், ஒரு வண்டியைத் தவறவிட்டதற்கான தண்டனை குரோம்பேட்டையில் சில நிமிடங்கள், கூடுவாஞ்சேரியில் அதைப்போலப் பல மடங்கு.

கூடுவாஞ்சேரிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் தரகர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் காலையில் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. குரோம்பேட்டையோ தாம்பரத்துக்கு அடுத்த இரண்டாவது நிலையம். இடையில் இருப்பது தாம்பரம் சானடோரியம் மட்டுமே. தாம்பரத்தில் காலியாகப் புறப்படும் வண்டியே அங்கு வருவதற்குள் நிறைந்துவிடும் என்பதால், அரை மணி நேரத்தை நின்றுகொண்டே கழிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரராக இருந்தால் இது அற்ப விஷயம் அல்ல.

‘ஃபாஸ்ட்’ வண்டிகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவை சில நிலையங்களில் மட்டுமே நிற்கும்; நுங்கம்பாக்கத்தில் நிற்காத வண்டியில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கி மாற வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே கரைந்துவிடும். 2025 ஏப்ரலில் தொடங்கிய குளிர்சாதன மின்சார வண்டி சுகமானது, ஆனால் நாளுக்குச் சில நடைகளே. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண இரண்டாம் வகுப்பிலோ 5 ரூபாய். சாதாரண சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது.

செலவுக் கணக்கில் ரயில் கட்டணம் பெரிய இடத்தைப் பிடிக்காது. மாத சீசன் ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் விலைக்குள் முடிந்துவிடும்; மூன்று மாத சீசனாக எடுத்தால் இன்னும் சற்று மிச்சம். எனவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான உண்மையான செலவு வித்தியாசம் வாடகையும், தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) வழியாகப் பேருந்திலோ ஆட்டோவிலோ வீடு போய்ச்சேர வேண்டிய இரவுகளும்தான். அலுவலகம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும் என்றால் அந்த இரவுகள் அதிகம் வராது. ஒன்பதரை, பத்து என்று இழுக்கும் வேலை என்றால் வாரம் இருமுறையாவது வரும். மேலும், பாதையில் ஏதாவது கோளாறு ஏற்படும் நாளில் குரோம்பேட்டைக்காரருக்கு மெட்ரோ ஒரு மாற்றுவழி: எழும்பூரில் மெட்ரோ ஏறி விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து வீடு சில கிலோமீட்டர்தான். கூடுவாஞ்சேரிக்காரருக்கு அதன் பிறகும் நெடுந்தூரம் மிச்சம் இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், வேலை நேரம் நிச்சயமில்லாதவர் தாம்பரத்துக்கு இப்பால், சிறிய வீடானாலும், இருப்பது நல்லது. நேரம் தவறாத வேலையும் வீட்டில் பிள்ளைகளுக்கு இடமும் வேண்டுமென்றால் கூடுவாஞ்சேரி தப்பான தேர்வு அல்ல. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடுவாஞ்சேரி வீட்டு வாசலிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நடைமேம்பாலம் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் நுங்கம்பாக்கத்தில், நீங்கள் வழக்கமாக வேலை முடிக்கும் நேரத்தில், செங்கல்பட்டு வண்டி வரும்வரை எத்தனை தாம்பரம் வண்டிகள் உங்களைக் கடந்து போகின்றன என்று எண்ணுங்கள். ஞாயிறு அன்று வேலை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியே பாருங்கள். அன்று வண்டிகள் குறைவு, பராமரிப்புக்காகத் தண்டவாளத்தை மூடுவதும் பெரும்பாலும் அன்றுதான்.