மாலை போடாத படம்

கேள்வி: என் அம்மாவின் அண்ணன் விமானப் படையில் பைலட்டாக இருந்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் மேற்கு எல்லையைத் தாண்டித் தாக்குதலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானத்தில் ஒரு துண்டுகூட கிடைக்கவில்லை. அப்போது அத்தைக்கு 22 வயது, கல்யாணமாகி ஒரு வருடம்தான். குழந்தை இல்லை. டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு தனியாகவே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது 76. முழங்கால் ஒத்துழைக்காததால் போன மாதம் எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். தாத்தா, பாட்டி படங்களுக்குப் பக்கத்தில் அம்மா மாமாவின் படத்தையும் மாட்டி, மாலை போட்டு, சிவப்பு பல்பும் வைத்தார். நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில் அத்தை நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. "பென்ஷன் மட்டும் வாங்கலாமா?" என்று அம்மா கேட்டது அத்தை காதிலும் விழுந்துவிட்டது. டிசம்பருக்குள் ராமேஸ்வரத்தில் காரியத்தை முடித்துவிடலாம் என்கிறான் தம்பி. மாமாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அத்தையின் ட்ரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள். மாமாவை நாங்கள் எப்படி நினைவுகூர்வது? யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த நாற்காலியைத் தாண்டி என்னால் உடனே நகர முடியவில்லை. முழங்கால் முடியாத 76 வயதுப் பெண்மணி, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, விழுந்தால் என்ன ஆகும் என்றும் யோசிக்காமல் ஏறியிருக்கிறார். உங்கள் வரவேற்பறையில் அவர் கணவரை இறந்துபோனவராக்கிவிட்டார்கள். அதை அவரால் ஒரு பகல்கூடத் தாங்க முடியவில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அத்தை மறுத்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் படத்துக்கு மாலை வேண்டாம். தம்பி ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும், காரியம் வேண்டாம். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டுதான். உடல் கிடைக்காத சாவு அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆனால் மனைவி உயிரோடு இருந்து, மறுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் அதைச் செய்தால், அந்தக் காரியம் மாமாவுக்கா அத்தைக்கா என்று நானே கேட்பேன்.

இனி அந்த பென்ஷன் பேச்சு. அம்மா கோபத்தில் சொல்லியிருப்பார், ஆனால் சட்டமே அப்படிச் சொல்வதில்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாகச் செய்தி வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டு எந்தச் செய்தியும் வரவில்லை என்றால், 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு இதுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 111ஆவது பிரிவு. கவனித்துப் பாருங்கள், 'இறந்துவிட்டார்' என்று அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை. சொத்து, ஓய்வூதியம் என்று நடக்க வேண்டிய காரியங்கள் நடக்க, நிரூபிக்கும் பொறுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ராணுவத்தின் காகிதங்களும் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்ற அளவில்தான் நிற்கும். ஒரு அலுவலகம் கருதிக்கொண்டதை அத்தையும் கருதியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்தப் பேச்சுக்கு மட்டும் அம்மா அத்தையிடம் வருத்தம் தெரிவித்தே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

"இத்தனை வருஷம் கழித்தும் நம்புவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தின் இடுக்கில் அது இருக்கிறது. அத்தையின் இடத்திலிருந்து 1972ஐப் பாருங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நம் போர்க் கைதிகள் வாகா வழியாகத் திரும்பினார்கள். அதில் விமானிகளும் உண்டு. விழுந்த விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, பிடிபட்டு, ஓராண்டு சிறையில் இருந்து, நடந்தே எல்லையைக் கடந்து வந்தவர்கள். ராவல்பிண்டி முகாமிலிருந்து மூன்று இந்திய விமானிகள் அந்த ஆகஸ்டில் தப்பித்த கதையும் உண்டு, வழியில் மாட்டிக்கொண்டாலும் உயிரோடு வீடு வந்தார்கள். ஆக, 'விமானம் திரும்பவில்லை' என்றால் 'ஆள் இல்லை' என்று பொருள் கொள்ள அன்று எந்த மனைவிக்கும் காரணம் இல்லை. திரும்பியவர்களின் பட்டியலில் தன் கணவர் பெயர் இல்லை என்று அறிந்த பிறகும் அந்த வாசல் சாத்தப்படவில்லை. 1971 போரில் காணாமல் போனவர்கள் என்று 54 பேரை நம் அரசே பட்டியலில் வைத்திருக்கிறது. தங்களிடம் யாரும் இல்லை என்று பாகிஸ்தான் சொல்லிவருகிறது. 2007இல் உறவினர்கள் 14 பேர் அங்கே போய்ச் சிறைகளைப் பார்த்துவிட்டு விடை கிடைக்காமல் திரும்பினார்கள்.

அந்தப் பட்டியலில் ஒருவர் ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. 1971 டிசம்பர் 5 அன்று போனவர். அவர் மனைவி தமயந்தி தாம்பே தேசிய பாட்மின்டன் சாம்பியன். திருமணமாகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அவர் தட்டாத கதவில்லை. உங்கள் அத்தை மனு எழுதவில்லை, தில்லிக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார். காத்திருந்ததில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்றொரு ஆய்வாளர். 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைச் சந்தித்துத்தான் தன் ஆய்வைத் தொடங்கினார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்புக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார், தெளிவில்லாத இழப்பு என்று. சாவில் ஒரு நாள் வரும், ஊர் கூடும், அழுது முடியும். இதில் எதுவும் வராது. 'முடித்துவிடு, முடித்துவிடு' என்று சுற்றியிருப்பவர்கள் நெருக்குவதுதான் இவர்களுக்குப் பெரிய துன்பம் என்பார் அவர். அவர் சொல்லும் வழி நமக்கு முதலில் விநோதமாகப் படும்: 'அவர் இறந்திருக்கலாம், இறக்காமலும் இருக்கலாம்' என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவது. உங்கள் அத்தை எந்த ஆராய்ச்சியையும் படிக்காமல் அதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பென்ஷனும் வாங்கினார், பொட்டும் வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். பாட்டியின் தம்பி, பர்மாவுக்குப் போனவர், யுத்தத்தோடு கடிதம் நின்றுபோனது. பாட்டி சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. வீட்டு ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது அவரையும் சேர்த்துத்தான் சொல்வாள். நாங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்போம். எவ்வளவு சிரித்தோம் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

அம்மாவை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 19 வயதில் அண்ணனை இழந்தவர், ஆனால் அந்த வீட்டில் அத்தையின் துக்கம்தான் பெரிய துக்கம், அம்மாவுடையதைக் கேட்டவர் யார்? தன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் எப்போதோ மனதில் முடிவு செய்துகொண்டார், அழ ஒரு நாள் வேண்டும் என்கிறார். அதற்கு மாலை தேவையில்லை, விளக்கு போதும். விளக்கு இருப்பவருக்காகவும் ஏற்றலாம், இல்லாதவருக்காகவும் ஏற்றலாம், அதைப் பார்த்து அத்தை நாற்காலி தேட மாட்டார். படமும் வேறாக இருக்கட்டும். சீருடைப் படம் அத்தையினுடையது. அம்மாவிடம் பள்ளிக்கூட நாளில் எடுத்த அண்ணன் படம் ஒன்றாவது இருக்கும், தங்கையை சைக்கிளில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல. அது அத்தைக்குத் தெரியாத மனிதர். அம்மா அவருக்கு விளக்கேற்றட்டும்.

நாளும் காணாமல் போன தேதியாக இருக்க வேண்டாம். அந்தத் தேதியில் உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விமானம் புறப்பட்டது என்பது மட்டும்தான். மாமாவின் பிறந்தநாளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் சண்டைக்கு இடமில்லை.

மகளின் புத்தகம்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மொழியில் அவள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தமிழில் 'மறைந்தார்' என்றாலே இறந்தார் என்றுதான் பொருள் வந்துவிடுகிறது. மாமா விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு அதன் பழைய பொருள்தான் சரி, ஆனால் படிப்பவர்கள் அப்படிப் படிக்க மாட்டார்கள். 'மறைந்த', 'அமரர்', 'நினைவஞ்சலி' மூன்றும் வேண்டாம். 'திரும்பவில்லை' என்று எழுதட்டும். உண்மையும் அதுதான். அச்சுக்குப் போகும்முன் ஒவ்வொரு பக்கத்தையும் அத்தைக்குப் படித்துக்காட்ட வேண்டும், அவர் அடித்துவிடு என்று சொன்னால் அடித்துவிட வேண்டும்.

ட்ரங்குப் பெட்டியை அத்தை இல்லாமல் திறக்காதீர்கள். கடிதங்களை அவரே படித்துச் சொல்லட்டும், மகள் போனில் குரலைப் பதிவு செய்யட்டும். எல்லாக் கடிதத்தையும் படிக்க வேண்டும் என்றும் இல்லை, கல்யாணமான புதிதில் கணவன் எழுதியது, சிலதை அவர் மடித்து உள்ளே வைத்துவிடுவார், விட்டுவிடுங்கள். இன்லண்ட் கடிதங்களை லேமினேட் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், ஒரு தரம் ஒட்டினால் பிரிக்க முடியாது, காகிதம் பாழாகும். போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். படங்களின் பின்னால் பென்சிலில் பெயரும் ஆண்டும் எழுதுங்கள்.

பெட்டிக்குள் நீளவாக்கில் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கிறதா பாருங்கள். விமானிகள் ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் தேதி, விமானத்தின் வகை, பறந்த நேரம் எல்லாம் எழுதிவைக்கும் லாக் புக் அது. மாமாவுடையது அத்தையிடம் வந்து சேர்ந்திருந்தால், அவர் எத்தனை மணி நேரம் ஆகாயத்தில் இருந்தார் என்று அவர் கையெழுத்திலேயே கூட்டிப் பார்க்கலாம். பயிற்சியில் தனியாக முதல்முறை பறந்த நாளும் அதில் இருக்கும். என் கணக்கில் புத்தகம் அங்கிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் விமானப் படைத் தலைமையகத்துக்கு, அத்தை கையெழுத்தோடு, மாமாவின் சர்வீஸ் நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். கடைசியாக யார் பார்த்தார்கள், என்ன பதிவாகியிருக்கிறது என்று. தில்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். மாமா பெயர் அதில் இருக்கிறதா என்று அத்தையிடம் சொல்வதற்கு முன் நீங்கள் பார்த்துவையுங்கள். இருந்தால் அவருக்கு அது பெருமையாகவும் படலாம், இன்னொரு மாலையாகவும் படலாம்.

ஒரு எச்சரிக்கை. புத்தகம், பேட்டி என்று வெளியே தெரிந்ததும் 'அங்கே ஜெயிலில் ஒருவரைப் பார்த்தேன்' என்று யாராவது போன் செய்யக்கூடும். பணம் கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். அத்தையிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

அதே நேரம், விடை வரவே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏஎன்-32 விமானம் நினைவிருக்கும். எவ்வளவோ தேடிக் கிடைக்காமல், 2024 ஜனவரியில், வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளின் படங்கள் கிடைத்தன. வியட்நாமில் 1972இல் சுட்டு வீழ்த்தப்பட்ட மைக்கேல் பிளாசி என்ற அமெரிக்க விமானியின் எலும்புகள், யாருடையது என்று தெரியாமல், ஆர்லிங்டன் ராணுவ இடுகாட்டில் பெயர் தெரியாத வீரர் என்ற கல்லறையில் 14 ஆண்டுகள் இருந்தன. 1998இல் அவற்றை எடுத்து மரபணுச் சோதனை செய்துதான் பெயரைக் கண்டுபிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவியது அவருடைய தாயின், சகோதரியின் ரத்தம். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் மரபணு தாய்வழியாகவே வரும், அதனால் கூடப்பிறந்தவர்களிடம் அது ஒன்றாகவே இருக்கும்.

இதை அம்மாவிடம் சொல்லுங்கள். மாமாவின் விமானம் என்றாவது ஒரு வயலிலோ மணலிலோ அகப்பட்டால், அது அவர்தான் என்று சொல்ல அத்தையால் முடியாது, அம்மாவால்தான் முடியும், அம்மாவுக்குப் பிறகு உங்களால், பிறகு உங்கள் மகளால். இதைக் கேட்ட பிறகு அம்மாவே எழுந்து அத்தை அறைக்குப் போவார் என்பது என் ஊகம். போகாவிட்டால் நீங்கள் அழைத்துப் போங்கள்.

படம் அத்தையின் மேஜையிலேயே இருக்கட்டும். வரவேற்பறையில் மிச்சமிருக்கும் அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டிவிடுங்கள். நாற்காலியையும் கொஞ்ச நாளைக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போட வேண்டாம்.