தூண்டில் பயணத்துக்கு ஒரு சின்ன டிரெய்லர்: கேள்வி – பதில்

கேள்வி: நானும் மனைவியும் வார இறுதிகளில் ஏரிக்கரையில் தங்கி மீன் பிடிப்போம். கூடாரம் அடித்து அடித்துச் சலித்துவிட்டது. சிறிய கார் ஒன்று இருக்கிறது. அதில் இழுக்கும்படி, அதிகச் செலவில்லாமல், இரண்டு பேர் படுக்கும் டிரெய்லரை வீட்டிலேயே கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: காரின் கையேட்டில். பிரேக் இல்லாத டிரெய்லரை எவ்வளவு எடை வரை இழுக்கலாம், கொக்கிப் பந்தின் (டிரெய்லரை மாட்ட காரின் பின்னால் இருக்கும் உருண்டை) மேல் எவ்வளவு எடை இறங்கலாம் என்ற இரண்டு எண்களை முதலில் பாருங்கள். சில சிறிய கார்களுக்கு இழுக்கவே கூடாது என்று போட்டிருக்கும். அப்படியானால் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்தது பதிவு. வீட்டில் கட்டிய டிரெய்லருக்கு உங்கள் பகுதிப் போக்குவரத்து அலுவலகம் என்னென்ன கேட்கிறது என்று இரும்பு வாங்கும் முன்பே விசாரியுங்கள். கட்டி முடித்த பிறகு ‘சக்கர அச்சுக்குச் சான்று எங்கே’ என்று கேட்டால் பிரித்துத்தான் போட வேண்டும்.

அளவுக்கு 8 அடி × 4 அடியை விட்டு நகராதீர்கள். ஒரு பிளைவுட் பலகையின் அளவே அதுதான் என்பதால் தரைக்கு வெட்டு வேலையும் இல்லை, கழிவும் இல்லை. 2.44 மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் படுக்கைக்குப் போக, மீதி பின்பக்கம் திறக்கும் சமையல் அலமாரிக்கு. உயரமும் 4 அடி போதும். உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. நிற்கும் உயரம் கேட்டால் எடை கூடும், காற்று பிடிக்கும், சிறிய கார் திணறும். கண்ணீர்த்துளி வடிவம் பார்க்க அழகு. ஆனால் வளைவுக் கூரைக்கு 3 மி.மீ. பலகைகளை இரண்டடுக்காக ஒட்டி வளைக்க வேண்டும். முதல் முறை கட்டுபவர்களுக்கு முன்னும் பின்னும் சரிந்த நேர்கோட்டுப் பெட்டியே நல்லது.

இப்போது காகிதத்தில் எடை போடுங்கள். சட்டத்துக்கு 50 × 50 × 3 மி.மீ. சதுரக் குழாய் சுமார் 14 மீட்டர் பிடிக்கும், மீட்டருக்கு 4.3 கிலோ வீதம் 60 கிலோ. அச்சு, லீஃப் ஸ்பிரிங், இரண்டு சக்கரம் சேர்ந்து 70. தரைக்கு 12 மி.மீ. பிளைவுட் 21, பக்கச் சுவர்களுக்கு 9 மி.மீ. பலகை இரண்டு 32, கூரைக்கு 6 மி.மீ. பலகை 11. கதவும் தடுப்பும் 20, மரச்சட்டமும் உள்ளே வைக்கும் 25 மி.மீ. நுரைப்பலகையும் 15. கப்ளர் (கொக்கிப் பந்தைக் கவ்விப் பிடிக்கும் முனை), நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி 12. மெத்தை 10, பேட்டரி 13. பெயின்ட், கீல், ஜன்னல், நட்டு, போல்ட் என்று 20. ஆக வெறும் வண்டியே 280 கிலோவைத் தாண்டுகிறது. ஐஸ் பெட்டி, 20 லிட்டர் தண்ணீர், அடுப்பு, பாத்திரம், தூண்டில் சாமான், துணிமணி ஏறினால் 400. கட்டும்போது எதையும் ‘இன்னும் கொஞ்சம் கெட்டியாக’ என்று மாற்றிக்கொண்டே போனால் இது எளிதாக 500 ஆகும். தரையை 18 மி.மீ. ஆக்கினால் மட்டுமே 11 கிலோ கூடிவிடும், பயன் எதுவும் இல்லை. 12 மி.மீ. பலகைக்கு அடியில் 60 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் இருந்தால் போதும்.

பல நாடுகளில் 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பதுதான் செலவு குறைய முதல் வழி.

கேள்வி: பழைய படகு டிரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. அதன் மேல் பெட்டி கட்டலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் அப்படியே அல்ல. படகின் பின்புறத்தில் என்ஜின் தொங்குவதால் படகு டிரெய்லரின் அச்சு ரொம்பப் பின்னால் இருக்கும். அதன் மேல் சாதாரணப் பெட்டியை வைத்தால் காரின் பந்தின் மேல் தாங்க முடியாத எடை இறங்கும். அச்சை முன்னால் நகர்த்தியே ஆக வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கிய டிரெய்லர் என்றால் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்கும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கும். துரு வெளியே இருந்தால் தேய்த்துப் பூசலாம். குழாயின் உள்ளே இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பதிவுச் சீட்டு ஒழுங்காக இருக்கும் பழைய சரக்கு டிரெய்லர் கிடைத்தால் அதுதான் எல்லாவற்றையும் விட நல்ல பேரம்.

பழையதாக வாங்கக்கூடியவை ஜன்னல், கதவுப் பூட்டு, மெத்தை, அடுப்பு, நீர்த்தொட்டி. டயர், பேரிங், கப்ளர், பாதுகாப்புச் சங்கிலி மட்டும் புதிதாகவே இருக்கட்டும். பட்டன் தேயாத டயர்கூட வருடக்கணக்கில் நின்றிருந்தால் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும்.

கேள்வி: நண்பர் கட்டிய டிரெய்லர் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் பாம்பு மாதிரி நெளிகிறது. சக்கரம், பேரிங் எல்லாம் சரி. என் டிரெய்லரில் இது வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் காரணம் அச்சு இருக்கும் இடம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 400 கிலோ டிரெய்லருக்கு 40 கிலோ. இது குறைந்தால் டிரெய்லர் நெளியும், கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரப் பிடி குறையும். கார்க் கையேடு இதைவிடக் குறைந்த எல்லை போட்டிருந்தால் கையேடு சொல்வதே சட்டம். அப்போது டிரெய்லரின் எடையைக் குறையுங்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பொருளின் எடையையும், பெட்டியின் முன்விளிம்பிலிருந்து அதன் நடுப்புள்ளி எத்தனை செ.மீ. என்பதையும் பெருக்குங்கள். விளிம்புக்கு முன்னால் கொக்கி வரை நீட்டும் இழுதண்டுக்கும் கப்ளருக்கும் மட்டும் கழித்தல் குறி. எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் வருவது எடைமையம். கொக்கியிலிருந்து அச்சு வரை உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எடைமையம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். எடைமையம் பெட்டியின் நட்டநடுவில், அதாவது 1.22 மீட்டரில் விழுந்து, இழுதண்டு பெட்டிக்கு முன் 1.2 மீட்டர் நீண்டால், அச்சு முன்விளிம்பிலிருந்து 1.49 மீட்டரில் வரும். அப்போது கொக்கிக்கும் அச்சுக்கும் 2.69 மீட்டர், எடைமையம் அச்சுக்கு 27 செ.மீ. முன்னால். இழுதண்டைக் குட்டையாக்கி இரும்பை மிச்சம் பிடிக்காதீர்கள். தண்டு குட்டையானால் நெளிவும் கூடும், பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் சட்டென்று மடங்கவும் செய்யும்.

கணக்கை நம்பி உடனே வெல்டிங் வைத்துவிட வேண்டாம். ஸ்பிரிங் தாங்கிகளைச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். முன்னும் பின்னும் 10 செ.மீ. நகர்த்த மாற்றுத் துளைகள் இருக்கட்டும். துளை குழாயின் மேல்முகத்திலோ கீழ்முகத்திலோ வரக் கூடாது, பக்கத்தின் நடுவில் வரட்டும். வண்டி முழுதாக ஏற்றிய பிறகு, கப்ளர் பந்தின் உயரத்திலேயே நிற்கும்படி ஆள் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு கட்டையை வைத்துத் தாங்கிப் படியுங்கள். மொத்த எடையை லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் பாருங்கள்.

இன்னொன்று. பத்தில் ஒரு பங்கு சரியாக வந்தும் சில டிரெய்லர்கள் நெளியும். முன்னால் பேட்டரியும் தண்ணீரும், பின்னால் அடுப்பும் சிலிண்டரும் என்று எடையை இரண்டு கோடிக்கும் தள்ளியிருப்பார்கள். சராசரி சரியாகத்தான் வரும். ஆனால் ஒரு முறை ஆடத் தொடங்கினால் அடங்காது. கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும்.

ஓடும்போது நெளியத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்புவதும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் ஆட்டத்தைப் பெரிதாக்கும்.

கேள்வி: வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவு வந்த பிறகே முழு வெல்டிங். அதுவரை புள்ளி வெல்டிங் மட்டும். இழுதண்டு முன் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி வெளியே வரும் இடம்தான் முதலில் விரிசல் விடும். அங்கே தண்டின் மேலும் கீழும் குறுக்காக வெல்டிங் வைக்காமல், நீளவாக்கில் பக்கங்களில் வையுங்கள். வெல்டிங் உங்களுக்குப் புதிது என்றால் இந்த இடத்தையும் அச்சுப் பகுதியையும் மட்டுமாவது தேர்ந்தவரிடம் விடுங்கள். ஸ்பிரிங்கில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு டன் தாங்குவதை வாங்காதீர்கள். அது இந்த எடைக்கு அசையாது. குழியில் விழும் ஒவ்வொரு அடியும் பெட்டியின் மூட்டுகளுக்குப் போகும். ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிலோ தாங்கும் இரண்டு ஸ்பிரிங் போதும்.

பந்தும் கப்ளரும் ஒரே அளவா என்று பாருங்கள். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

கேள்வி: மரைன் பிளைவுட் விலை அதிகம். சாதாரணப் பலகைக்கு நல்ல பெயின்ட் அடித்தால் போதாதா? கூரைக்கு அலுமினியத் தகடு வாங்கவும் வசதியில்லை.

பதில்: தரைக்கும் சக்கரம் தெறிக்கும் இடத்துக்கும் தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய பலகையே வேண்டும். மற்ற இடங்களில் ஒரு படி இறங்கலாம். பலகை கெடுவது முகத்தில் அல்ல, வெட்டு விளிம்பில். விளிம்பு தண்ணீரை உறிஞ்சி, அடுக்குகள் பிரிந்து, பெயின்ட் கொப்பளிக்கும். எனவே ஒவ்வொரு விளிம்புக்கும், ஒவ்வொரு துளைக்குள்ளும், எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின்) இரண்டு கை பூசிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். தரையின் அடிப்பக்கத்தைச் சட்டத்தில் ஏற்றும் முன்பே பூசி முடியுங்கள். பிறகு கை போகாது.

கூரைக்குக் குறைந்த செலவில் நிற்பது பருத்தித் துணி. கெட்டியான கான்வாஸ் துணியை, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவிய பலகையின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, பக்கச் சுவரில் 5 செ.மீ. மடிந்து இறங்கும்படி ஒட்டுங்கள். காய்ந்தபின் வெளிச்சுவருக்கான நீர் பெயின்டை முதல் கை பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அடிக்க வேண்டும். அது துணிக்குள் இறங்கிப் பசையோடு பிடிக்கும். அதன் மேல் தண்ணீர் கலக்காமல் மூன்று கை. செயற்கை இழைத் துணி உறிஞ்சாது, உரிந்துவிடும்.

விளிம்புப் பட்டைகளுக்கு அடியில் பியூட்டைல் நாடா (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டித் திருகுங்கள். சிலிகானைத் தொடாதீர்கள். அதன் மேல் பெயின்டும் பிடிக்காது, ஒழுகினால் மறுபடி வைக்கும் சிலிகானும் பிடிக்காது.

கேள்வி: மழையே இல்லை, காலையில் எழுந்தால் சுவரும் மெத்தையின் அடியும் நனைந்திருக்கின்றன. எங்கே ஒழுகுகிறது?

பதில்: எங்கும் ஒழுகவில்லை. இரண்டு பேர் எட்டு மணி நேரம் விடும் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கும் மேல் ஈரம் வெளியேறும். அது குளிர்ந்த பலகையில் படிகிறது. நீர்நிலைக்குப் பக்கத்தில் இரவுக் காற்றே ஈரமாக இருப்பதால் இன்னும் மோசம். தாழ்வாக ஒன்று, கூரையில் ஒன்று என இரண்டு காற்றுத் திறப்புகள் எப்போதும் மூடாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது. மெத்தையைப் பலகையின் மேல் நேராகப் போடாமல் இடைவெளிவிட்ட சட்டங்களின் மேல் போடுங்கள்.

கேள்வி: மழை நேரத்தில் உள்ளேயே சின்ன அடுப்பு வைத்துச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. கேஸ் ஆனாலும் கரி ஆனாலும், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை. குளிருக்கென்று அடுப்பைக் கொளுத்தி வைத்துத் தூங்குவதும் உயிரோடு விளையாடுவதுதான். பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. அதன் ஓரத்தில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டு வெளியே சமையுங்கள்.

கேள்வி: தூண்டில் கம்பு, ஈர வலை, மீன் பெட்டி எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

பதில்: படுக்கும் அறைக்குள் எதுவும் வரக் கூடாது. மீன் வாடை ஒரு முறை மெத்தையில் ஏறினால் இறங்காது. இழுதண்டின் மேல் ஓட்டை போட்ட அடித்தட்டுடன் ஒரு பெட்டி வைத்தால் ஈர வலைக்கும் காலணிக்கும் அது போதும். கொக்கி எடைக் கணக்கில் அதையும் சேருங்கள். கம்புகளுக்குக் கூரையோரமாக 75 மி.மீ. பி.வி.சி. குழாய். ரீலைக் கழற்றிவிட்டால் இரண்டாகப் பிரிந்த கம்புகள் மூன்று நான்கு அடங்கும். குழாயின் பின்முனையைச் சற்றுத் தாழ்த்தி, மூடியில் சிறு துளை போடாவிட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

ஐஸ் பெட்டியைத்தான் பலரும் இடம் தவறி வைக்கிறார்கள். நிறைந்த 40 லிட்டர் பெட்டி 35 கிலோ வரும். பின் அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பும்போது மீனும் சேர்ந்தால், போகும்போது ஒழுங்காக ஓடிய டிரெய்லர் வரும்போது நெளியும். பக்கக் கதவு வழியாக எடுக்கும்படி அச்சுக்கு நேர் மேலே தனி அறை கட்டுங்கள். அங்கே எடை கூடினாலும் குறைந்தாலும் கொக்கிக்குத் தெரியாது. உருகும் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய் வேண்டும்.

கேள்வி: எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

பதில்: 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 20 வாட்-மணி, 6 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 48, இரண்டு கைபேசி 30. ஓர் இரவுக்கு நூறு; 12 வோல்ட்டில் எட்டேகால் ஆம்பியர்-மணி. இரண்டு இரவுக்குப் பதினேழு. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 40 ஆம்பியர்-மணி வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 20 முதல் 25 போதும், பத்துக் கிலோ எடையும் மிச்சம். நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

கேள்வி: பிரேக் மிதித்தால் டிரெய்லரின் திருப்ப விளக்கும் மங்கலாகச் சேர்ந்து எரிகிறது. வயர் மாறிவிட்டதா?

பதில்: அநேகமாக எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பழுது. சட்டத்தையும் கொக்கிப் பந்தையும் எர்த்தாக நம்பாதீர்கள். துருவும் கிரீஸும் குறுக்கே வரும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயரைப் பிளக் வரை இழுங்கள்.

கேள்வி: டிரெய்லரோடு படகையும் இழுக்க முடியாது. பெட்டியின் மேல் சிறு படகை வைத்து, டிரெய்லரையே தண்ணீருக்குள் பின்னால் இறக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓடிவந்த சூட்டில் சக்கர ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். படகைக் கையால் இறக்குங்கள். தூக்க முடியாத எடை என்றால் அது கூரைக்கும் ஆகாது.

பேரிங் மாட்டும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு முழுதும் தளர்த்தி, விரலால் முடிந்த அளவு மட்டும் திருகி, பூட்டு ஊசியைப் போடுங்கள். இறுகினால் சூடேறும், தளர்ந்தால் சக்கரம் ஆடும். முதல் பயணத்தில் 50 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாவிட்டால் நட்டு இறுகியிருக்கிறது. சக்கர நட்டுகளையும் அப்போதே மறுபடி முடுக்கிவிடுங்கள்.