டாலரில் கிளம்பியதும் ரூபாயில் வந்து சேர்ந்ததும்

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரியும் என் மகன் அங்குள்ள தன் வங்கியிலிருந்து என் கணக்குக்கு 5,000 டாலர் அனுப்பினான். அன்றைய செய்தியில் டாலர் 85 ரூபாய் 50 காசு என்றார்கள். 4,27,500 ரூபாய் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தது 4,18,428 ரூபாய். கமிஷன் எதுவும் பிடிக்கவில்லை என்று கிளையில் உறுதியாகச் சொல்கிறார்கள். 9,072 ரூபாய் எங்கே போயிற்று?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: கடிதத்துடன் நீங்கள் இணைத்திருக்கும் வரவுச் சீட்டிலேயே விடை இருக்கிறது. உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்ததே 4,975 டாலர்தான். அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லாதபோது பணம் இடையிலுள்ள இன்னொரு வங்கியின் வழியாக வரும். அந்த வங்கி தன் கூலியாக 25 டாலர், அதாவது 2,137 ரூபாய் 50 காசு எடுத்துக்கொண்டிருக்கிறது. வந்த டாலரை உங்கள் வங்கி 84 ரூபாய் 20 காசுக்கு வாங்கியிருக்கிறது. டாலருக்கு 1 ரூபாய் 30 காசு குறைந்ததில் 6,467 ரூபாய் 50 காசு போயிற்று. மீதி 467 ரூபாய், நாணய மாற்றுக்கான ஜி.எஸ்.டி. ஆகவே கமிஷன் என்ற பெயரில் எதுவும் பிடிக்கவில்லை என்பது சரிதான்; வங்கியின் லாபம் நாணய மாற்று விகிதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

செய்தியில் சொல்லப்படுவது வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கி விற்கும் விலை. அந்த விலை அப்படியே நமக்குக் கிடைக்காது. நமக்கான விலையை ஒவ்வொரு வங்கியும் காலையில் ஒரு பட்டியலாக வெளியிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அதில் பார்க்க வேண்டியது 'டிடி (TT) பையிங் ரேட்', அதாவது வங்கி நம்மிடம் டாலரை வாங்கும் விலை என்ற கட்டம். 'டிடி' என்பது தந்தி வழிப் பணமாற்றம். நம் நாட்டில் தந்திச் சேவை 2013-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வங்கிப் பட்டியலில் மட்டும் தந்தி இன்னும் உயிரோடு இருக்கிறது!

இந்தப் பட்டியல் விலையை ரிசர்வ் வங்கி நிர்ணயிப்பதில்லை, அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது என்பதால் பேரம் பேச இடம் உண்டு. தொகை சில லட்சங்களாக இருந்தால், பணம் வருவதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டுச் சிறப்பு விகிதம் பெற்றுத் தருமாறு எழுத்து மூலம் கோருங்கள். ஒவ்வொரு வேலை நாளும் பிற்பகலில் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் வெளியிடும் குறிப்பு விகிதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதற்கும் வங்கி தரும் விலைக்கும் எத்தனை காசு இடைவெளி என்று கேட்பது நல்லது. டாலருக்கு 30, 40 காசு இடைவெளி என்றால் நான் ஒப்புக்கொள்வேன். 1 ரூபாய் 30 காசு அதிகம்.

இனி அனுப்பும்போது உங்கள் மகன் பணமாற்று நிறுவனங்களையும் விசாரிக்கட்டும். அவரிடமிருந்து மொத்தமாக 5,000 டாலர் வெளியேறினால் உங்கள் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தை அந்த எண் வரும்வரை நம்ப வேண்டாம்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். திர்ஹம் விலை ஏறட்டும் என்று மூன்று மாதமாகப் பணம் அனுப்பாமல் வைத்திருக்கிறார். இங்கே நகைக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. காத்திருப்பது சரியா?
– வாசகி, இராமநாதபுரம்

பதில்: 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று அந்நாட்டு அரசு நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. எனவே திர்ஹம் ஏறுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்குவதைத்தான். அது எப்போது, எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. திர்ஹம் 23 ரூபாயிலிருந்து 23 ரூபாய் 23 காசுக்கு ஏறினால் லட்ச ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைப்பது 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய் நகைக் கடனுக்கு அதே மூன்று மாதத்தில் நீங்கள் இழப்பது 3,000 ரூபாய். நகையை முதலில் மீட்டுவிடுங்கள், அம்மா.

அங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளில் அனுப்பும்போது பெரும்பாலும் பணம் ரூபாயாகவே வருகிறது. விலை அங்கேயே முடிவாகிவிடும். இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ரசீதில் எழுதிய ரூபாய் குறைவின்றி உங்கள் கணக்கில் ஏற வேண்டும். குறைந்தால் ரசீதைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கப்போகும் மகளின் முடக்குக் கணக்குக்கு (அங்கே தங்கும் செலவுக்கான பணத்தை விசாவுக்காக முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு) 11,904 யூரோ அனுப்ப வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: விகிதத்தை விட முதலில் தொகை முழுதாகப் போய்ச் சேர்வதுதான் முக்கியம், இடைநிலை வங்கி சில யூரோவைப் பிடித்துக்கொண்டால் மகளின் கணக்கில் குறை விழுந்து விசா வேலை தடைபடும். அதனால் எல்லாக் கட்டணங்களையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைப் படிவத்தில் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குப் பொருந்துவது வங்கி யூரோவை விற்கும் விலையான 'டிடி செல்லிங் ரேட்'. யூரோவுக்கு வங்கிகள் வைக்கும் இடைவெளி டாலருக்கு வைப்பதைவிட அகலமாக இருப்பது வழக்கம் என்பதால், இரண்டு வங்கிகளிலாவது கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். இந்த நிதியாண்டில் நீங்கள் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டும் பகுதிக்கு வங்கி வரியை முன்கூட்டியே வசூலிக்கும். வங்கியில் பெற்ற கல்விக் கடன் பணத்துக்கு அந்த வசூல் இல்லை. அப்படிப் பிடித்ததை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், அதை விகிதத்தில் வந்த நட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டாம்.