‘மேக்ரோ’ என்று பொறித்திருந்தால் போதுமா?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதோடு வந்த 18-55 லென்சும் இருக்கின்றன. மாடித் தோட்டத்துச் செம்பருத்தியில் திரியும் தாவும் சிலந்திகளை நெருக்கமாகப் படமெடுக்க ஆசை. ‘மேக்ரோ’ என்று பொறித்த 70-300 ஜூம் லென்சே போதும், தனி மேக்ரோ லென்ஸ் வீண் செலவு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: மயிலைப் படமெடுக்க வாங்குங்கள், சிலந்திக்கு வேண்டாம். ‘மேக்ரோ’ என்று எந்த லென்சின் மேலும் பொறித்துவிடலாம். விவரத்தாளில் உள்ள அதிகபட்ச உருப்பெருக்கத்தைப் பாருங்கள். அசல் மேக்ரோ லென்சில் அது பெரும்பாலும் 1:1. பொருள் எத்தனை மில்லிமீட்டரோ, சென்சாரிலும் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) அத்தனை மில்லிமீட்டர் விழும். ஜூம்களில் பல 1:4-இலேயே நின்றுவிடும், சில 1:2 வரை போகும். உங்கள் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. எட்டு மி.மீ. சிலந்தி 1:1-இல் அதில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். 1:4-இல் வெறும் 2 மி.மீ. புள்ளி. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் எட்டுக் கண்களை எண்ண முடியாது.

அடுத்து, எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது. நிக்கானின் 40 மி.மீ. குவியத்தூர மைக்ரோ லென்ஸ் (மேக்ரோவை அந்த நிறுவனம் மைக்ரோ என்றே அழைக்கிறது) பூவுக்கும் நாணயத்துக்கும் அருமையானது. ஆனால் 1:1 கிடைக்க 16.3 செ.மீ. வரை நெருங்க வேண்டும். இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. கேமராவும் லென்சும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது சில சென்டிமீட்டர்தான். சிலந்தி ஓடிவிடும், ஓடாவிட்டால் லென்சின் நிழல் அதன்மேல் விழும். அதிர்வுத் தடுப்புள்ள டாம்ரான் 90 மி.மீ. லென்சில் சுமார் 14 செ.மீ. மிஞ்சும். என் ஓட்டு 90 அல்லது 105-க்குத்தான்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது. மலைக்க வேண்டாம்: 1:1-இல் எப்படியும் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் குவிக்கிறோம். பேரம் பேச அது நல்ல சாக்கு. டார்ச் அடித்துக் கண்ணாடிகளுக்குள் பாருங்கள். வலை போன்ற இழை தெரிந்தால் பூஞ்சை. அந்தச் சிலந்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கையிலுள்ளதையெல்லாம் லென்சிலேயே கொட்டிவிடாமல் ஃபிளாஷுக்கும் மிச்சம் வையுங்கள். 1:1-இல் அப்பர்ச்சரை (லென்சுக்குள் ஒளி நுழையும் துளை) எஃப்/11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அப்பர்ச்சரை அவ்வளவு சுருக்கினால் செடி நிழலில் வெளிச்சம் போதாது.

இப்போதைக்குக் கையைக் கடிக்கும் என்றால், ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற முன்கண்ணாடியை 18-55-இன் முகப்பில் மாட்டிப் பழகலாம். 55-இல் ஏறக்குறைய 1:2 கிடைக்கும். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கினால் மின்தொடர்பு முனைகள் உள்ளதையே கேளுங்கள். அவை இல்லாத மலிவு டியூபில் உங்கள் லென்சின் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது.