617 வாக்குகள் வாங்கிய கீர் ஹார்டி: கேள்வி பதில்

ரயில்வேயில் வேலை பார்த்து, சங்கத்தின் கிளைச் செயலாளராகச் சில காலம் இருந்து, ஓய்வு பெற்றவன் நான். ஸ்காட்லாந்தின் கீர் ஹார்டியைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்து, சங்கச் செயலாளராகி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, அங்கே தொழிற்கட்சி என்று ஒன்று உருவாக முதற்காரணமாக இருந்தவர் அவர். கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

அவர் எந்த வயதில் வேலைக்குப் போனார்? பள்ளிக்கூடமே போகவில்லை என்கிறார்களே, உண்மையா ஐயா? (கல்லூரி மாணவி, திருச்சி)

உண்மைதான் அம்மா. 1856-இல் லானார்க்‌ஷயரில் பிறந்தவர். தாய் மேரி கீர் வீட்டுவேலை செய்தவர். பிறகு டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்துகொண்டார். ஏழெட்டு வயதிலேயே பையன் கிளாஸ்கோவில் எடுபிடி வேலைக்குப் போய்விட்டான். வாசிக்கக் கற்றுக்கொடுத்தது தாய்தான்.

ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தபோது நடந்ததை ஹார்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கப்பல் கட்டும் துறையில் கதவடைப்பு. தந்தைக்கு வேலை இல்லை. தம்பி சாகக் கிடக்கிறான், தாய் நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டுக்கு வருகிற ஒரே கூலி இந்தப் பையனுடையது. இரவெல்லாம் தம்பியின் பக்கத்தில் விழித்திருந்துவிட்டு, இரண்டு நாள் காலையில் தாமதமாகப் போனான். முதலாளி தன் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கே அவனை வரவழைத்தார். குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அங்கே நிற்கவைத்து, வேலை போயிற்று, ஒரு வாரக் கூலியும் போயிற்று என்று சொல்லி அனுப்பினார். அந்த முதலாளி ஊரில் பக்திமான் என்று பெயர் எடுத்தவர். ஹார்டி கடைசிவரை ஆழ்ந்த கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். ஆனால் பக்தியைப் பேசிக்கொண்டு கூலியைப் பிடிப்பவர்களை அவர் ஒருபோதும் மன்னிக்கவில்லை.

பத்து வயதில் சுரங்கம். காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் வேலை. பத்து மணி நேரம் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னர் விளக்குப் புகையில் கறுத்த கல்லின் மேல் ஊசியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடங்களில் இதைவிடக் கடுமையானது இல்லை.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர் சங்கச் செயலாளர் ஆனது எப்படி? சம்பளம் யார் கொடுத்தது? (ஆலைத் தொழிலாளி, கோயம்புத்தூர்)

தோழர், பேசத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவன் என்பதால் குறைகளைச் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. அதனாலேயே சுரங்க முதலாளிகள் அவரையும் அவர் தம்பிகளையும் வேலையைவிட்டு நீக்கினார்கள். ஹார்டி என்ற பெயருக்கே அந்த வட்டாரத்தில் வேலை இல்லை என்று ஆயிற்று. 1879-இல் ஹாமில்டன் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் அவரைக் கடிதச் செயலாளர் ஆக்கினார்கள். அதே ஆண்டில்தான் லில்லியைத் திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டே ஒரு வேலைநிறுத்தம். அந்தப் புதுப்பெண்ணின் வீட்டிலேயே கஞ்சித்தொட்டி திறந்தார்கள்.

அந்த வேலைநிறுத்தம் தோற்றது. அவர் அயர்‌ஷயரில் உள்ள கம்னாக் ஊருக்குப் போனார். 1881-இல் அங்கேயும் பத்து வாரம் வேலைநிறுத்தம் நடந்தது, தொழிலாளர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் இவர்கள் மறுபடி எழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் முதலாளிகள் சில நாட்களில் கூலியை உயர்த்தினார்கள். சங்கம் நடத்தியவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

சம்பளம் என்று பார்த்தால், நெடுங்காலம் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தார். 1886-இல் அயர்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் முறையாக அமைந்தபோது செயலாளருக்கு ஆண்டுக்கு 75 பவுண்டு என்று வைத்தார்கள்.

617 வாக்குகள் என்ற கணக்கை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். தோற்ற தேர்தலில் அப்படி என்ன இருக்கிறது? (வரலாற்று ஆசிரியர், மதுரை)

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1888 ஏப்ரலில் மிட் லானார்க் தொகுதியில் இடைத்தேர்தல். சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. அன்றைய வழக்கம் என்ன? தொழிலாளி தேர்தலில் நிற்க வேண்டுமானால் லிபரல் கட்சியின் தயவில் நிற்க வேண்டும். ஹார்டியும் அதுவரை லிபரல்தான். தன்னையே வேட்பாளராக நிறுத்தும்படி முதலில் அவர்களிடம்தான் கேட்டார். உள்ளூர் லிபரல் பெரியவர்கள் வெளியூரிலிருந்து ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்படியானால் நான் தனியாக நிற்கிறேன் என்றார் ஹார்டி.

பேரம் தொடங்கியது. விலகிக்கொண்டால் அடுத்த பொதுத்தேர்தலில் பத்திரமான ஒரு தொகுதியும், ஆண்டுக்கு 300 பவுண்டும் தருகிறோம் என்று லிபரல் கட்சித் தலைமையிடமிருந்து ஆள் வந்தது. சங்கத்தில் அவர் வாங்கியதைப்போல நான்கு மடங்கு! மனைவி, குழந்தைகள், சுரங்க முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் பெயர். இத்தனையும் இருக்கிற மனிதர் வேண்டாம் என்று சொன்னார்.

முடிவு வந்தது. லிபரலுக்கு 3,847, கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 2,917, ஹார்டிக்கு 617. சுரங்கத் தொழிலாளர்களிலேயே பெரும்பாலானோர் அவருக்குப் போடவில்லை. பத்திரிகைகள் பரிகசித்தன. நான்கு மாதம் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்காட்டிஷ் தொழிற்கட்சி தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் கன்னிங்ஹாம் கிரகாம் தலைவர், ஹார்டி செயலாளர். 1893 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிற்கட்சி. 1900 பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் ஒரே கூரையின் கீழ் கூடி அமைத்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு. 1906-இல் அதற்குத் தொழிற்கட்சி என்று பெயர். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அந்த 617. அவர் அன்று 300 பவுண்டை வாங்கியிருந்தால் லிபரல் வரிசையில் இன்னொரு நல்ல தொழிலாளர் உறுப்பினர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

அப்படியானால் நாடாளுமன்றம் போன முதல் தொழிற்சங்கவாதி இவர்தானா?

இல்லை. 1874-லேயே இரண்டு சுரங்கத் தொழிலாளர் தலைவர்கள் வென்றுவிட்டார்கள். ஒருவர் தாமஸ் பர்ட். இன்னொருவர் அலெக்சாண்டர் மக்டொனால்ட். இவரும் லானார்க்‌ஷயர்க்காரர், எட்டு வயதில் சுரங்கம் இறங்கியவர். சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக அரும்பாடு பட்டவர். அவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இருவரும் லிபரல்களோடுதான் உட்கார்ந்தார்கள். ஹார்டி உட்காரவில்லை.

தொப்பி விவகாரம் என்ன? (சென்னை வாசகர்)

1892-இல் கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் வென்றார். துறைமுகத் தொழிலாளர்களும் எரிவாயு ஆலைத் தொழிலாளர்களும் வாழும் பகுதி. லிபரல் வேட்பாளர் இல்லாததால் நேரடிப் போட்டி. 5,268-க்கு 4,036. அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் உயரமான பட்டுத்தொப்பியும் நீண்ட கறுப்புக் கோட்டும் அணிந்து வருவார்கள். இவர் சாதாரண ட்வீட் உடையிலும் துணித்தொப்பியிலும் வந்தார். பத்திரிகைகள் அதையே பல நாள் எழுதின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, உள்ளே போனதும் வேலையில்லாதவர்களைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார் என்பதுதான். வேலையற்றோரின் உறுப்பினர் என்றே பெயர் வந்தது.

அரச குடும்பத்துக்கு எதிராக அவர் பேசியது பற்றிச் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நெல்லை)

1894 ஜூன் 23, சனிக்கிழமை. தெற்கு வேல்ஸில் சில்ஃபினித் என்ற ஊரிலுள்ள ஆல்பியன் சுரங்கத்தில் வெடிவிபத்து. 290 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த நாள் பிரெஞ்சு அதிபர் கார்னோ கத்தியால் குத்தப்பட்டார்.

நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு அதிபருக்கு இரங்கல் வந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வந்தது. சுரங்கத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓர் இரங்கல் தீர்மானம் கொண்டுவாருங்கள் என்று ஹார்டி கேட்டார். அரசு தரப்பு மறுத்தது. ஜூன் 28 அன்று வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்து அவர் எழுந்தார். சபை கூச்சலிட்டது. அவர் நிறுத்தவில்லை. இந்தக் குழந்தையைச் சுற்றிலும் முகத்துதி செய்பவர்கள் இருப்பார்கள், பிறகு உலகச் சுற்றுப்பயணம் அனுப்புவார்கள், அந்தஸ்துக்குப் பொருந்தாத திருமணம் என்ற வதந்தி வரும், கடைசியில் நாடுதான் செலவைக் கட்டும் என்ற பொருளில் பேசினார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் எட்டாம் எட்வர்ட். 1936-இல் திருமணத்துக்காக முடியைத் துறந்தவர்.

பலரும் இந்தத் தீர்க்கதரிசனத்தை வியப்பார்கள். நான் நிற்பது அந்த 290 பேரிடம். அவர்களுக்காக ஒரே ஒரு வரி கேட்டார். அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

அவ்வளவு பேர் பெற்றவர் 1895-இல் ஏன் தோற்றார்? பிறகு வேல்ஸுக்கு எப்படிப் போனார்?

லிபரல் ஆதரவாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், தோற்றார். அந்த ஆண்டு சுதந்திரத் தொழிற்கட்சி நிறுத்திய 28 பேருமே தோற்றார்கள். 1900-இல் பிரஸ்டன், மெர்தர் டிட்ஃபில் என்று இரண்டு இடங்களில் நின்றார். பிரஸ்டனில் தோற்று, மெர்தரில் வென்றார். அது இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி, இவர் இரண்டாமிடம். அங்கே பிரசாரத்துக்கு அவர் செலவிட்ட நேரம் மிகக் குறைவு. ஆனால் 1898-இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் ஏறக்குறைய ஆறு மாதம் கதவடைப்பு நடந்தபோது அங்கே போய்த் தொழிலாளர்களிடையே பேசியவர் அவர். அதை அவர்கள் மறக்கவில்லை.

தொழிற்சங்கங்கள் ஏன் திடீரென்று அந்தத் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவில் சேர்ந்தன? (சட்ட மாணவர்)

ரயில்வேக்காரன் என்பதால் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். டாஃப் வேல் என்பது தெற்கு வேல்ஸில் ஒரு ரயில்வே கம்பெனி. வேலைநிறுத்தத்தால் நஷ்டம் என்று ரயில்வே ஊழியர் சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. 1901-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுண்டு நஷ்டஈடு கட்ட நேர்ந்தது, வழக்குச் செலவு தனி. சம்பள நாளன்று வாசலில் நின்று சந்தா வாங்கியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு காசும் எப்படி வருகிறதென்று. சட்டம் இப்படியென்றால் சட்டம் செய்யும் இடத்தில் நம் ஆள் வேண்டும் என்று சங்கங்கள் வரிசையாகச் சேர்ந்தன. 1900-இல் இரண்டே பேர் வென்ற குழு, 1906-இல் 29 பேரோடு உள்ளே போனது. அந்த ஆண்டே தொழில் தகராறுச் சட்டம் வந்து சங்க நிதியைக் காத்தது.

அந்த 29 பேருக்கு ஹார்டிதானே தலைவர்?

ஆம், ஆனால் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். 15-க்கு 14. சொந்தக் கட்சிக்காரர்களிலேயே பாதிப்பேருக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. காரணமும் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பேசுவார், எழுதுவார், போராடுவார். உட்கார்ந்து கட்சியை நிர்வகிக்கும் பொறுமை அவருக்கு இல்லை. பெண்கள் வாக்குரிமையில் கட்சி மாநாடு தன்னைக் கட்டுப்படுத்தினால் 1907-இல் கட்சியையே விட்டு விலகத் தயாராக இருந்தார். 1908-இல் பொறுப்பு ஆர்தர் ஹெண்டர்சனிடம் போயிற்று. உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பது 1911-இல்தான் வந்தது, ஆண்டுக்கு 400 பவுண்டு. அதுவரை எழுத்தும் சொற்பொழிவும் நண்பர்கள் உதவியும்தான்.

குறையே இல்லாதவர் போலச் சொல்கிறீர்களே? (பெயர் வேண்டாம் என்றவர்)

குறை உண்டு, மறைக்கமாட்டேன். 1887 வாக்கில் அயர்‌ஷயர் இரும்பாலைகளுக்கு லித்துவேனியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டபோது, அவர்களைப் பற்றி மிகக் கடுமையாக, இழிவாகவே எழுதினார். கூலியைக் குறைக்க முதலாளிகள் செய்யும் தந்திரம் என்று அவர் நினைத்தது சரியாக இருக்கலாம். வந்த ஏழைகளின் மேல் அந்தக் கோபத்தைக் கொட்டியது தவறு. அவரை நேசிக்கிற எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வலித்தது.

இந்தியாவுக்கு வந்தாரா?

வந்தார். 1907-இல், உடல்நலம் கெட்டு உலகப் பயணம் புறப்பட்டபோது. வங்கப் பிரிவினை நடந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கிழக்கு வங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நேரில் பார்த்துவிட்டு, கனடாவைப்போல இந்தியாவும் தன்னைத் தானே ஆளவேண்டும் என்றார். லண்டன் பத்திரிகைகள் ராஜத்துரோகி என்ற அளவுக்குக் குதித்தன. ஊர் திரும்பி 1909-இல் இந்தியா பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவர் பிறந்தநாள் ஆகஸ்ட் 15 என்பதையும் சொல்லிவைக்கிறேன். 1947-இல் அதே தேதியில் இந்தியா விடுதலை பெற்றபோது லண்டனில் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி. தேதி தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கொடியேற்றும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது? (மருத்துவமனை ஊழியர், சேலம்)

போர்தான் அவரை முறித்தது. எல்லா நாட்டுத் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால் போர் நடக்காது என்று பல ஆண்டுகள் வாதாடியவர். 1914 ஆகஸ்ட் 2 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் பேசினார். இரண்டே நாளில் பிரிட்டன் போரில் இறங்கியது. ஆகஸ்ட் 6 அன்று தன் தொகுதியிலேயே, அபர்டேரில், கூட்டம் போட்டார். தேசபக்திப் பாட்டுப் பாடி அவரைப் பேசவே விடவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் வாழும் ஊர் அது. அதன்பின் அவர் தேறவில்லை. பக்கவாதம் வந்தது, 1915 செப்டம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் நிமோனியாவில் இறந்தார். வயது 59.

அவருக்குப் பிறகு மெர்தரில் யார் வந்தார்கள்?

நவம்பரில் இடைத்தேர்தல். தொழிற்கட்சி வேட்பாளர், சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் வின்ஸ்டன். அவரைத் தோற்கடித்தவர் சார்லஸ் ஸ்டான்டன். அவரும் சுரங்கச் சங்கத்துக்காரர்தான், ஆனால் போரைத் தீவிரமாக ஆதரித்தவர். அபர்டேர் கூட்டத்தைக் கலைத்ததில் முன்னின்றவரும் அவரே. 1922-இல் மெர்தர் தொகுதியை ஆர். சி. வால்ஹெட் வென்றார். அவர் ஹார்டி தொடங்கிய சுதந்திரத் தொழிற்கட்சிக்காரர், போரை எதிர்த்தவர்.