வலிப்புன்னு ஸ்கூல் பாரத்துல எழுதணுமா?

"மகளுக்கு பினாங்கு தீவுல ஒரு கொன்வென்ட்ல ஃபார்ம் ஒன் (இடைநிலைப் பள்ளி மொத வருஷம்) கெடச்சிருக்கு. ஒம்பது வயசுல இருந்து வலிப்பு, மருந்து நிறுத்தாம சாப்பிடுறா, கடைசியா வந்து எட்டு மாசம் ஆச்சு. பாரத்துல நோய் ஏதும் இருக்கான்னு ஒரு கட்டம். மாமியார் எழுதாதங்குறாங்க, பொம்பளப் புள்ள, நாளைக்கு பொண்ணு பாக்க வர்றப்ப பேச்சு வரும்னு. எழுதினா யாரெல்லாம் பாப்பாங்க? கத்தோலிக்க ஸ்கூல்னா ரூல் வேறயா? நாங்க இந்து." பட்டர்வொர்த்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டது. அவங்களுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிப்ட் வேல.

எழுதுங்க தங்கச்சி. மாமியார் பயம் புரியுது, எங்க வீட்லயும் அதே பேச்சு கேட்டு வளர்ந்தவதான் நான். ஆனா மிஷன் ஸ்கூல்ல பிகே ஹெம்மா, அதாவது புள்ளைங்க விஷயத்த பாக்குற துணைத் தலைமையாசிரியரா இருந்தப்ப ஒரு ஸ்போர்ட்ஸ் டேல ஒரு புள்ள திடல்லயே விழுந்து இழுக்க ஆரம்பிச்சுது, ஒருத்தர் கையில இரும்புச் சாவிய திணிக்கிறார், ஒருத்தர் மூஞ்சில தண்ணி ஊத்துறார், இன்னொருத்தர் கரண்டி தேடி கேண்டீனுக்கு ஓடுறார், நான் ஆபீஸுக்கு ஓடி ஃபைல எடுத்தா நோய் கட்டத்துல "தியாடா", அதாவது இல்லன்னு எழுதியிருக்கு, கீழ இருந்த போன் நம்பரும் செத்துப் போன நம்பர். புள்ளைக்கு ஒன்னும் ஆகல, சாமி புண்ணியம். அன்னிக்கு எங்க யாருக்கும் தெரியாததுதான் தப்பு, அந்தப் புள்ளையோட அம்மா மறைச்சது மட்டும் இல்ல.

இப்ப கத்தோலிக்க ஸ்கூல் விஷயம். பினாங்குல செயின்ட் சேவியர்ஸும் லைட் ஸ்ட்ரீட் கொன்வென்ட்டும் 1852-ல பிரதர்மாரும் சிஸ்டர்மாரும் ஆரம்பிச்சது, அந்தப் பேருக்காகவே நம்மாளுங்க வரிசையில நின்னவங்கதான். ஆனா இன்னிக்கு இந்த மாதிரி பழைய மிஷன் ஸ்கூல் பெரும்பாலும் அரசாங்க உதவி பெறுற ஸ்கூல், நெலம் மிஷனோடது, டீச்சர் சம்பளம் அரசாங்கத்தோடது, பாடமும் ரூலும் கல்வி அமைச்சோடது. அதனால உடம்பு, பாதுகாப்பு, ரெக்கார்ட் எல்லாம் பக்கத்து எஸ்எம்கேல, அதாவது அரசாங்க இடைநிலைப் பள்ளில எப்படியோ இங்கயும் அப்படித்தான். மதம் கேக்குற கட்டம் எல்லா ஸ்கூல் பாரத்துலயும் உண்டு, யாரு பெண்டிடிகான் இஸ்லாம் (இஸ்லாமியக் கல்வி), யாரு மோரால் (நன்னெறிப் பாடம்)னு பிரிக்கணும்ல. ஞானஸ்நான சர்டிபிகேட் உங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாங்க, அந்த ரெக்கார்ட் சர்ச்சுலதான் இருக்கும்.

மாசாமாசம் ஃபீஸ் கட்டுற தனியார் கத்தோலிக்க ஸ்கூல்னா கதை வேற. 2010-ல வந்த பிடிபிஏ, தனிநபர் தகவல் சட்டம், மத்திய மாநில அரசாங்கத்துக்குப் பொருந்தாது, வியாபார ரீதியா தகவல் வாங்குறவங்களுக்குத்தான். அந்தச் சட்டத்துல உடம்பு விவரமும் மத நம்பிக்கையும் ரெண்டுமே 'சென்சிடிவ்', வெளிப்படையா சம்மதம் வாங்கித்தான் வச்சுக்கணும். உங்க புள்ளைய பத்தி என்ன வச்சிருக்கீங்கன்னு எழுதிக் கேட்டா 21 நாள்ல பதில் குடுக்கணும், தப்பா இருந்தா திருத்தச் சொல்லலாம். உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனா கேஎல்ல தனியார்ல சேர்க்குறவங்க நிறைய பேர் கேக்குறாங்க, அதான் சொல்லி வைக்கிறேன்.

யாரு பாப்பாங்கன்னா, பாரம் மொதல்ல கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க் கைக்குப் போகும், அப்புறம் கிளாஸ் டீச்சர், பிகே ஹெம். பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், அட்ரஸ், வருமானம் இதெல்லாம் அமைச்சோட சிஸ்டத்துல ஏறும். கவுன்சலிங் டீச்சர் வைக்கிற ஃபைல் தனி. ஃபார்ம் ஃபைவ்ல பரீட்ச எழுதி வாங்கப் போற எஸ்பிஎம் சர்டிபிகேட்ல வலிப்புன்னு ஒரு எழுத்து வராது, அத மாமியார்கிட்ட தெளிவா சொல்லுங்க. சொல்லி வச்சா லாபம்தான் உண்டு, எஸ்பிஎம் எழுதுறப்ப ஸ்பெஷலா ஏதாவது ஏற்பாடு வேணும்னா ஸ்கூல்தான் லெம்பாகா பெப்பெரிக்சான், அதாவது தேர்வு வாரியத்துக்கு எழுதணும், தெரியாத விஷயத்துக்கு அவங்க எப்படி எழுதுவாங்க.

எனக்கு பயம் ஃபைல் மேல இல்ல லா, வாட்ஸ்அப் குரூப் மேல. நல்ல மனசோட ஒரு டீச்சர் "இந்தப் புள்ளைய பாத்துக்குங்க"ன்னு கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப்ல போட்டா நாப்பது வீட்டுக்குப் போயிடும், சாயந்தரத்துக்குள்ள உங்க மாமியாருக்கே திரும்பி வரும். அதனால வாயால மட்டும் சொல்லாதீங்க. ஹோஸ்பிட்டல்ல பாக்குற டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்குங்க, நோய் பேர், மருந்து, எப்படி வரும், எவ்ளோ நேரம் இருக்கும், வந்தா என்ன செய்யணும்னு ஒரு பக்கத்துல. மேல நீங்க ஒரு வரி எழுதுங்க: கிளாஸ் டீச்சர், பிஜே (உடற்கல்வி) டீச்சர், பிகே ஹெம், கவுன்சலிங் டீச்சர், இவங்க மட்டும் தெரிஞ்சுக்கலாம், குரூப் சாட்ல போடக்கூடாது. மலாய்ல எழுதுறது நல்லது. ரெண்டு காப்பி கொண்டு போயி ஒன்னுல ஆபீஸ் சாப்பும் (முத்திரை) தேதியும் வாங்கி வீட்ல வைங்க. சாப் இல்லாத லெட்டர் காணாம போன லெட்டர் மாதிரிதான், நானே அந்த ஆபீஸ்ல இருந்தவ சொல்றேன்.

லெட்டர்ல இதுவும் இருக்கட்டும்: ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், தலைக்குக் கீழ ஏதாவது மெத்துன்னு வைக்கணும், இழுக்குறத அமுக்கிப் பிடிக்கக்கூடாது, வாயில எதையும் விடக்கூடாது, வாட்ச் பாக்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா 999. சாவிய பத்தியும் எழுதுங்க, வெக்கமே வேணாம், இரும்பு வலிப்ப நிறுத்தாது, இழுக்குற கையில கீறல்தான் மிச்சம்.

போன் நம்பர் கட்டத்துல நீங்க உங்க நம்பர மட்டும் போடுவீங்க. ஷிப்ட்ல இருக்குறப்ப உங்க போன் லாக்கர்ல தானே? அப்ப லைன் சூப்பர்வைசர் நம்பரையும், பாலம் தாண்டி வர வேணாம், தீவுலயே இருக்குற ஒரு சொந்தக்காரர் நம்பரையும் குடுங்க. அவங்க புள்ளைய கூட்டிட்டுப் போகலாம்னு எழுதியும் குடுங்க, இல்லன்னா கேட்லயே நிக்க வச்சிடுவாங்க. நம்பர் மாத்தினா அன்னிக்கே ஆபீஸுக்குச் சொல்லுங்க.

கொகுரிகுலம், அதாவது வெளையாட்டு, கேம்ப் மாதிரி பாடம் தவிர்த்தது பத்தி ஒன்னு. எதையும் மொத்தமா தடுக்காதீங்க, ஓடட்டும், நெட்பால் ஆடட்டும். தண்ணிதான் ஆபத்து, நீச்சல் குளம்னா இவள மட்டுமே பாக்குற ஒரு பெரியவங்க வேணும், தெலுக் பாஹாங் கடல் பக்கம் கேம்ப்னா தண்ணில எறங்க வேணாம்னு சம்மத பாரத்துலயே எழுதுங்க. கேம்ப்ல ராத்திரி முழுக்க தூங்காம கத்திட்டு இருப்பாங்க பாருங்க, தூக்கம் கெட்டா வலிப்பு வர்றது ரொம்ப சகஜம், அதோட ராத்திரி மருந்தையும் மறந்துடுவாங்க. எந்த டீச்சர் மருந்த எடுத்துக் குடுப்பாங்கன்னு பேர் கேட்டு வாங்கிட்டு அனுப்புங்க.

ஃபார்ம் ஒன்ல இன்னொரு பாரமும் வரும், 13 வயசுப் பொண்ணுங்களுக்கு 2010-ல இருந்து இலவசமா போடுற எச்பிவி, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பு ஊசிக்கு. கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) டீம் ஸ்கூலுக்கே வந்து போடுவாங்க. வலிப்பு இருந்தா போடக்கூடாதுன்னு இல்ல, இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, பாரத்துல நோயும் மருந்து பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த வயசுல ஊசி போட்டதும் சில புள்ளைங்க மயங்கி விழும், அப்ப கை கால் வெட்டும், பாக்குறவங்களுக்கு அதுவும் வலிப்பு மாதிரியே தெரியும். அதனால ஊசி போட்டதும் 15 நிமிஷம் உக்கார வச்சு அனுப்பச் சொல்லி நர்ஸுக்கு அதே பாரத்துல எழுதிடுங்க.