நெருங்கிய நண்பர்களோடு மது இல்லாத சுற்றுலாவை எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்பவரின் நண்பர் குழுவில் அண்மையில் குடியை விட்ட ஒருவர் இருப்பார், அல்லது கேட்பவரே அந்த ஒருவராக இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் சில பகுதிகள் உங்களுக்குப் பொருந்தாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒழுக்கம் போதிக்க வந்தவன் அல்லன். நண்பர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் குடித்திருக்கிறேன். இப்போதும் எப்போதாவது குடிப்பதுண்டு. குடிப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று யாராவது இந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சொன்னால், அது என் கருத்து அன்று. ஆனால் 2019இல் நான் முன்நின்று ஏற்பாடு செய்த ஒரு பயணத்தில் நடந்ததற்கு இன்றும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஏழு பேர். எங்களில் ஒருவன் அப்போது குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. மருத்துவரைப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டு, வீட்டில் எல்லோரும் துணை நிற்க, மிகவும் சிரமப்பட்டு விட்டிருந்தான். அவனையும் ஏற்காட்டுக்கு அழைத்தோம். அவன் தயங்கியபோது நான்தான் தொலைபேசியில், “நீ குடிக்க வேண்டாம்டா, எங்களோட வந்து சும்மா உட்கார்ந்தா போதும்” என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். இப்போது யோசித்தால், ஒரு நண்பனிடம் அதைவிடக் கொடுமையான எதையும் நான் கேட்டதில்லை என்று தோன்றுகிறது. ஆறு பேர் குடிக்கும் அறையில் ஒருவன் மட்டும் மூன்று மணி நேரம் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்?

பயணத்துக்கு அக்டோபர் 2ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் போன்ற சில நாட்களில் டாஸ்மாக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், அன்று போனால் குடி தானாகவே குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நடந்தது நேர்மாறானது. நாளை கடை இல்லை என்ற பதற்றத்தில் முதல் நாள் மாலையே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாங்கி, காரின் பின்பக்கத்தில் துணிப்பைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். இதே யோசனை உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். கடை மூடியிருப்பதால் யாரும் குடிக்காமல் இருப்பதில்லை; முன்கூட்டி வாங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று மாலை ஏழு மணிக்கு அறையில் உட்கார்ந்தோம். அவன் கையில் ஒரு பன்னீர் சோடா இருந்தது. குடிக்காதவன் அவன் ஒருவன் என்பதால், ஐஸ் வாங்கி வருவது, சிக்கன் வறுவலுக்குக் கீழே போய்ச் சொல்வது, காலியான பாட்டில்களை ஓரமாக வைப்பது என்று எல்லா வேலையும் அவன் தலையில் விழுந்தது. யாரும் கட்டளையிடவில்லை; அது அப்படியே அமைந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் அந்தச் சோடா பாட்டிலின் மேலிருந்த தாளை நகத்தால் முழுவதும் கிழித்து, சிறு உருண்டைகளாக உருட்டி, மேசை விளிம்பில் வரிசையாக வைத்திருந்தான். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பதினொரு மணியளவில் ஒருவன், “ஒரே ஒரு ரவுண்டு, நாளைக்கு மறுபடி விட்டுடலாம் மாப்ள” என்றான். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் குடித்தான்.

அவன் மறுபடி அதை விடுவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. இடையில் வேலை போயிற்று. சில மாதங்கள் அவன் மனைவி குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் ஒருமுறை அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “உங்களை நம்பித்தானே அண்ணா அனுப்பினேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். வளர்ந்த மனிதன் தானாகக் குடித்தால் நண்பர்கள் என்ன செய்ய முடியும் என்று இங்கே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை நானே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவன் கையைப் பிடித்து யாரும் ஊற்றவில்லை என்பது உண்மை. ஆனால் அவனை அந்த அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது நான்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயணத்துக்கு மொத்தம் 28,000 ரூபாய் செலவானது. ஏழு பேரும் ஆளுக்கு 4,000 கொடுத்தோம். அதில் 11,000 ரூபாய் சரக்குக்கு மட்டும் போயிற்று. அன்று இரவு பதினொரு மணி வரை ஒரு சொட்டுகூடத் தொடாத அவனும் அதே 4,000 கொடுத்தான். குடிக்காதவர் குடிப்பவருக்குச் சரிசமமாகப் பங்கு கொடுக்கும் இந்த வழக்கம் நம் நண்பர் கூட்டங்களில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது! வாய்திறந்து கேட்டால் கணக்குப் பார்க்கிறான் என்ற பெயர் வந்துவிடும் என்று எல்லோரும் பேசாமல் இருக்கிறோம்.

இனி இரண்டாவது பயணம். 2023 பிப்ரவரியில், அவன் மறுபடி நிலையாக நின்று இரண்டு ஆண்டுகள் கடந்தபின், கொல்லிமலைக்குப் போனோம். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

வாட்ஸப் குழுவில் நான் எதையும் போடவில்லை. அங்கே போட்டிருந்தால் முதலில் ஒரு கேலி வந்திருக்கும். அதற்கு நான்கு பேர் சிரித்திருப்பார்கள். அத்தோடு யோசனை செத்திருக்கும். ஆறு பேரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினேன். மூன்று நாளும் யாருக்கும் மது கிடையாது, அறைக்குள் மட்டும் என்பதும் கிடையாது, பீர் மட்டும் என்பதும் கிடையாது, அவனுக்காக மற்றவர்கள் செய்யும் தியாகம் என்ற பேச்சும் கூடாது என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் முக்கியம். தனக்காக மற்றவர்கள் விரதம் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவன் பயணம் முழுவதும் கூனிக் குறுகித்தான் இருப்பான்.

முதலில் அவனிடம் பேசினேன், வருகிறேன் என்றான். இருவர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒருவன் பீருக்காகக் கொஞ்சம் வாதாடிவிட்டுச் சரி என்றான். ஒருவன், “எனக்கு அது செட் ஆகாது” என்று நேரடியாகச் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, வந்து ஒளித்து வைத்துக் குடிப்பதைவிட வராமலிருப்பது நேர்மையானது. ஆறாவது நண்பன்தான் என்னை யோசிக்க வைத்தான். வருவதற்கு அவன் ஆசைப்பட்டான். ஆனால் அப்போது அவன் தினமும் குடித்துக்கொண்டிருந்தான், காலையில் கை நடுங்கும் அளவுக்கு.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய ஒருவர் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதற்கடுத்த நாட்களில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும் நிலைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனை அருகில் இல்லாத மலையுச்சியில் நல்லெண்ணத்தோடு ஒருவரை மூன்று நாள் குடிக்காமல் வைத்திருப்பது, அவருக்குத் தீங்காக முடியலாம். அந்த ஆறாவது நண்பனை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனோம். இந்த நிலையில் போக வேண்டாம் என்று மருத்துவரே சொல்லி, முதலில் சிகிச்சையைத் தொடங்கினார். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், பயணத்துக்கு முன் மருத்துவரிடம் போங்கள். தேதியைத் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை.

ஆக ஐந்து பேர். தங்குவதற்கு லாட்ஜ் வேண்டாம், சமையலறையும் முற்றமும் உள்ள வீடு வேண்டும் என்று தேடினேன். ஆண்கள் மட்டும் வரும் குழு என்றதும் மூன்று இடங்களில் மறுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர் கூடுதலாக முன்பணம் கேட்டார். நாங்கள் யாரும் குடிக்கப் போவதில்லை என்று சொன்னபோது, “எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க” என்றார். மனம் புண்பட்டது, ஆனால் அவரைக் குறை சொல்ல முடியுமா? நீலகிரியில் காடெல்லாம் கிடந்த உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றமே தலையிட்ட பிறகுதான், 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் அங்கே வந்தது. எங்களைப் போன்ற கூட்டங்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்ததற்குத்தான் அந்த வீட்டுக்காரர் முன்பணம் கேட்டார்.

திட்டமிட வேண்டியது பகலை அன்று. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரையிலான நேரத்தைத்தான். பகலில் அருவியும் கோயிலும் காட்சி முனையும் பொழுதைப் பார்த்துக்கொள்ளும். இருட்டியபின் கைகளுக்கு வேலை இல்லாதபோதுதான் பழைய பழக்கம் வந்து நிற்கும். பாட்டு, சீட்டு, கேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றையும் எடுத்துப் போனோம், ஆனால் அரை மணி நேரத்தில் சலித்துவிட்டன. எங்களைக் காப்பாற்றியது ஒரு கிழங்கு.

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று வழியெல்லாம் விற்பார்கள். பாறைகளில் ஒட்டி வளரும் செடியின் கிழங்கு அது. மேலே பழுப்பு நிற ரோமம் அடர்ந்து, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். சோளக்காட்டுச் சந்தையில் ஒரு கிலோ வாங்கி வந்து, முற்றத்தில் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ரோமத்தோடு தோலைச் சீவி எடுப்பது எளிதான வேலை அன்று. கத்தி வழுக்கும், ரோமம் விரல்களில் ஒட்டிக்கொள்ளும், சீவியபின் உள்ளே வெளிர்பச்சையாகச் சதை தெரியும். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி அம்மியில் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவிட்டோம். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. மூட்டு வலிக்கு நல்லது என்று அங்கே விற்பவர்கள் சொல்வார்கள். அதை மருத்துவ உண்மையாக நான் இங்கே சொல்லவில்லை. மலைக் குளிரில் காரமாக, சூடாக, ஒவ்வொரு டம்ளராக நிரப்பி, பேசிக்கொண்டே குடிக்க ஒன்று கிடைத்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. பிறகு ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் நாங்களே சமைத்தோம்.

எட்டு மணியளவில், குடியை விட்டிருந்த அந்த நண்பன் திடீரென்று எழுந்து வெளியே போனான். இப்படி நடந்தால் யார் உடன் போக வேண்டும் என்று அவனும் நானும் முன்னமே பேசி வைத்திருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் இரவில் இறங்குவது நல்லதன்று. ஆகவே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற வழி எங்களுக்கு இல்லை, நடப்பதுதான் வழி. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கைவிளக்கோடு இருபது நிமிடம் நடந்தோம். அவன் எதுவும் பேசவில்லை. நானும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்து, “சூப் இருக்கா?” என்று கேட்டான்.

பத்து மணிக்கெல்லாம் உறங்கிவிட்டோம். இத்தனை ஆண்டுப் பயணங்களில் ஐந்து பேரும் ஒன்றாகச் சூரிய உதயம் பார்த்தது அன்றுதான் முதல்முறை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினோம். ஏறி வரும்போது இருபது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபோது, பாலிடெக்னிக் நாட்களில் அப்பா இறந்தபின் கட்டணம் கட்ட முடியாமல் தவித்ததை ஒருவன் முதன்முறையாகச் சொன்னான். எத்தனையோ இரவுகள் ஒன்றாகக் குடித்திருக்கிறோம். அதை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அல்லது சொல்லியும் எங்களுக்கு நினைவில்லை.

அந்தப் பயணத்துக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து ஆன செலவு 14,500 ரூபாய், ஆளுக்கு 2,900. வீட்டைக் காலி செய்தபோது உரிமையாளர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்பணத்தை எண்ணாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவன் தன் வீட்டுக்கென்று தனியாக இரண்டு கிலோ கிழங்கு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மாலை அவன் மனைவி எனக்கு அழைத்தார். திரையில் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றுவிட்டது. எடுத்தேன். “இந்த முடியை எப்படி அண்ணா எடுக்கிறது? கத்தியெல்லாம் வழுக்குது” என்று கேட்டார். தோலோடு சேர்த்துத் தடிமனாகச் சீவிவிடச் சொன்னேன். பின்னால் அவன், தான் அப்படித்தானே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.